வாயில் நுழையாத ஒரு சொல்லும் இருபத்தைந்து நிமிடமும்

தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அவசர சிகிச்சை பற்றி எழுதினால் நல்லதாம். எந்த ஊசியை எவ்வளவு போடுவது, எங்கே குத்துவது என்பதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. அதை என்னைவிடப் புத்தகம் நன்றாகச் சொல்லும். என் காலத்து அளவை நம்பி யாராவது ஊசி போட்டுவிட்டால், இந்த வயதில் நான் பொலிஸ் ஸ்டேசன் படியேற வேண்டிவரும். அதனால் புத்தகத்தில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன்.

ஒரு சொல்லை வாய் திறந்து சொல்ல வெட்கப்பட்டு, ஒரு பெண்ணைச் சாவின் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தினேன். அந்தக் கதைதான் இது. பெருமைப்படுகிற விஷயம் இல்லை. ஆனாலும் முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் உருப்படியாக எனக்கு ஏதாவது விளங்கியது என்றால் அது அந்த ஒரு வாரத்தில்தான்.

முதலில் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுகிறேன். அனஃபிலாக்டிக். ஒரு கொட்டோ ஒரு மருந்தோ ஒத்துக்கொள்ளாமல் உடம்பு முழுவதும் எதிர்த்துக் கிளம்பி, தொண்டை அடைத்து, பிரஷர் விழுந்து, சில நிமிடங்களுக்குள் ஆளையே கொண்டுபோகக்கூடிய நிலைமை ஒன்று இருக்கிறதல்லவா? அதற்கு முன்னால் போடுகிற அடைமொழி. உங்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடாக இருக்கும். நீங்கள் போனிலேயே சொல்லச்சொல்லிக் கேட்டுப் பழகிய பிள்ளைகள். நான் அப்புத்தளைப் பக்கம் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்தில் பிறந்து, தோட்டப் பாடசாலையில் தமிழில் படித்து வந்தவன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதும் கண்ணால் படித்த ஆங்கிலம். காதால் கேட்டது கொஞ்சம். வாயால் பேசியது அதைவிடக் கொஞ்சம்.

பயிற்சிக் காலத்தில் ஒருநாள் வகுப்பெடுத்தவர் அந்தப் பக்கத்தை என்னை எழுந்து வாசிக்கச் சொன்னார். நான் அதை முதல்நாளே பத்து தடவை மனதுக்குள் வாசித்திருந்தேன். பொருள் தெரியும், அறிகுறிகள் தெரியும், எழுத்துக்கூட்டக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். சத்தமாக வாசித்தபோது அது மூன்று துண்டாக வெளியே வந்தது: அண்ணா, ஃபைல், ஆக்டிக். வகுப்பே குலுங்கிச் சிரித்தது. வகுப்பெடுத்தவர் நல்ல மனிதர்தான், அவருக்கும் அடக்க முடியவில்லை. "அண்ணாவோட ஃபைலை யாருப்பா எடுத்தது?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து பயிற்சி முடியும்வரை என் பெயர் "ஃபைல் அண்ணா". நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும்.

அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நான் வாயால் சொல்லவே இல்லை. துண்டுச்சீட்டில் எழுதுவேன், ஓர் எழுத்துக்கூடப் பிசகாது. பேச வேண்டி வந்தால் "அலர்ஜி கொஞ்சம் கூடுதல்" என்று சுற்றிக்கொண்டு போய்விடுவேன். ஒரு பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் இருட்டிலும் விலகி நடப்பான் இல்லையா, அப்படி. நீங்கள் சிரிக்க வேண்டாம். உங்களுக்கும் அப்படி ஒரு சொல் இருக்கும். இல்லை என்று சொல்கிறவரை நான் நம்பமாட்டேன்.

நான் வேலை செய்த தோட்டம் ஸ்பிரிங்வெளிக்கும் மேலே ஏறிப் போகவேண்டிய இடம். பெயர் வேண்டாம். அங்கே ஒரு சொலவடை உண்டு: "தமிழ்ல சொன்னா மாத்திரை, இங்கிலீஷ்ல சொன்னா லொறி." ஆளை டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கு வாகனம் வேண்டுமென்றால் துரை உத்தரவு தர வேண்டும். துரை என்றால் தோட்டத்து மெனேஜர்; இப்போதும் அப்படித்தான் சொல்கிறோம். அவரிடம் "மயக்கம்" என்று சொல்லிப் பயனில்லை. பசியில் விழுந்தாலும் மயக்கம், வெயிலில் விழுந்தாலும் மயக்கம், வேலை வாங்குகிற கங்காணியோடு சண்டை பிடித்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கினாலும் மயக்கம். சொல்லிச் சொல்லி அந்தச் சொல் தேய்ந்துபோயிருந்தது. டிஸ்பென்சரி ஐயா நோய்க்கு ஓர் ஆங்கிலப் பெயர் வைத்துச் சொன்னால் லொறி கிளம்பும். அந்தத் தோட்டத்தில் அப்படிப் பெயர் வைக்கிற ஆள் நான் ஒருவன்தான். அதில் எனக்கு ஒரு கெத்து இருந்தது, மறைப்பானேன்.

அன்றைக்குக் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் சவுக்கு மரங்களில் தொங்கும் குளவிக் கூடுகள் ஆடும், குளவி கலையும். காலையில் கங்காணி போன் எடுத்தார். "ஐயா, ஏழாம் நம்பர் மலையில குளவி கலைஞ்சிருச்சுங்க. அஞ்சாறு பேருக்குக் கொட்டிருக்கு. கூட்டிட்டு வாறேன்" என்றார். கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய முரட்டுப் படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல், கொட்டின இடமெல்லாம் சுண்ணாம்பு அப்பிக்கொண்டு, திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வந்தார்கள். ஒருத்திக்கு எட்டு கொட்டு. அவள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் குளவியின் வம்சத்தைத் திட்டினாள்.

செல்வமணிக்கு ஒரே ஒரு கொட்டு, கழுத்தில். அவள் திட்டவில்லை. வாங்குப் பலகையில் உட்கார்ந்து உள்ளங்கையைச் சொறிந்துகொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண்பிள்ளை உண்டு. கணவன் கொழும்பில் வேலை.

"என்னம்மா செய்யுது?" என்று கேட்டேன்.

"ஒன்னுமில்லைங்கய்யா. உள்ளங்கை அரிக்குது. நாக்கு தடிச்ச மாதிரி இருக்கு. தலை லேசா சுத்துது."

எனக்கு அப்போதே தெரியும். பிறகுதான் தெரிந்தது என்று எழுதினால் என் மரியாதை தப்பிக்கும், ஆனால் அது பொய். ஒரே கொட்டு, உள்ளங்கை அரிப்பு, தடித்த நாக்கு, தலைச்சுற்று. புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் மேல் மூலையில் காபிக் கறை இருந்ததுகூட என் நினைவுக்கு வந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது நாற்பது.

துரைக்குப் போன் எடுத்தேன். அவர் அன்று பெக்டரியில் வெளியிலிருந்து வந்த விருந்தாளிகளோடு நின்றார். பின்னால் நாலைந்து பேர் ஆங்கிலத்தில் பேசிச் சிரிப்பது கேட்டது. "என்ன விஷயம், சீக்கிரம் சொல்லுங்கள்" என்றார் ஆங்கிலத்தில். அந்தச் சொல் தொண்டைவரை வந்தது. போனில் அந்தச் சிரிப்பு மறுபடி கேட்டது. அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, என்னை அவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும் என் வாய் தானாக வேறு பக்கம் திரும்பிவிட்டது. "குளவி கொட்டு சார். ஓர் ஆளுக்குக் கொஞ்சம் மயக்கம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவைத்தேன்.

"மயக்கம்தானே? கொழுந்து ஏற்றி முடிந்ததும் லொறியில் அனுப்புங்கள்" என்றார் அவர்.

"சரி சார்" என்றேன்.

பிள்ளைகளே, இனி நான் சொல்வதைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள். துரை ஏமாந்ததில் அதிசயமில்லை, அவருக்கு நான் சொன்னதுதான் தெரியும். நானே ஏமாந்தேன். "கொஞ்சம் மயக்கம்" என்று என் வாயால் சொன்ன பிறகு என் கையும் கொஞ்சம் மயக்கத்துக்கான வைத்தியத்தைத்தான் பார்த்தது. உயிர் காக்கிற ஊசி தட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் எடுத்தது அரிப்புக்குப் போடுகிற ஊசி. நோயின் பெயரைச் சின்னதாக்கிச் சொன்னால் நோயும் சின்னதாகிவிட்டது என்று மனது நம்பிவிடுகிறது. அதற்கு அப்படி நம்பத்தான் ஆசை. பெரிய ஊசியைக் கையில் எடுத்தால், பெரிய பெயரையும் சொல்ல வேண்டிவருமே.

மற்றப் பெண்களுக்கு மருந்து போட்டேன். இனிப்புத் தேத்தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். செல்வமணியைச் சுவரோடு சாய்ந்து உட்காரச் சொன்னேன். அதுவும் பிழை, படுக்கவைத்திருக்க வேண்டும். கங்காணி இரண்டு தடவை உள்ளே எட்டிப் பார்த்தார். இரண்டாம் தடவை என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா, அந்தப் புள்ள மொகம் ஒரு மாதிரி இருக்குங்களே."

"பயந்துட்டா கங்காணி. வேற ஒன்னும் இல்ல."

"பயப்படுற புள்ள இல்லைங்க அது" என்றார் அவர்.

நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். நோயாளியைச் சரியாகப் பார்த்தவர் அந்த அறையில் அவர் ஒருவர்தான். நான் அவரை வெளியே போய் மற்றவர்களைக் கவனிக்கச் சொன்னேன்.

பத்து மணி தாண்டியதும் செல்வமணி தண்ணீர் கேட்டாள். குரல் அவளுடைய குரலாக இல்லை. கொடுத்த தண்ணீர் உள்ளே இறங்கவில்லை, கடைவாய் வழியாக வடிந்தது. உதடு இரண்டும் வீங்கியிருந்தன, கண் இடுங்கிவிட்டது. மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தது. என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "ஐயா, புள்ளய பள்ளியில இருந்து யாரு..." என்றாள். மிச்சம் வரவில்லை. பிடி மட்டும் விடவில்லை.

உயிர் காக்கிற அந்த ஊசியைப் போட்டபோது பத்து மணி ஐந்து நிமிடம். போட்ட கையோடு போனை எடுத்தேன். துரை எடுத்ததும், "அண்ணா ஃபைலாக்டிக் சார்! அண்ணா ஃபைலாக்டிக்! அவள் செத்துப்போவாள்!" என்று கத்தினேன். பயிற்சி வகுப்பில் எப்படி உடைந்ததோ அதே இடத்தில் அதே மாதிரி உடைந்தது. வாசலில் நின்ற பெண்களுக்கெல்லாம் கேட்டது.

 துரை உடனே தோட்டத் தமிழில் பேசினார். பதறினால் அவருக்கும் தமிழ்தான் வரும். "என் ஜீப் வருது. ரெண்டு நிமிசம். ஆளைத் தூக்கி ரோட்டுக்கு வாங்க."

பின்னாளில் அவரே என்னிடம் சொன்னார். அந்தச் சொல்லை அவர் அதற்கு முன் கேட்டதே இல்லையாம். நான் சரியாகச் சொல்லியிருந்தாலும் பிழையாகச் சொல்லியிருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். யாருடைய காதுக்குப் பயந்து நான் இருபத்தைந்து நிமிடத்தைத் தின்றேனோ, அந்தக் காதுக்கு என் பிழை தெரிந்தே இருக்காது. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

இரண்டு பெண்கள் படங்கை விரித்து அதில் அவளைக் கிடத்தித் தூக்கிவந்தார்கள். ஜீப்பில் கங்காணி அவள் கால்களைத் தன் மடியில் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். பாதி வழியில் இரண்டாவது ஊசி போட்டேன். பதுளைக்கு இறங்கும் அந்த வளைவுகளை நான் நூற்றுக்கணக்கான தடவை இறங்கியிருக்கிறேன். அன்றுதான் ஒவ்வொன்றையும் எண்ணினேன். கங்காணி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். நான் யாரைக் கூப்பிடுவது? எந்த முகத்தோடு?

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுக்குப் பொறுப்பாக ஒரு சிங்கள டொக்டரம்மா இருந்தார். என் மகள் வயது இருக்கும். அவர் பேசிய தமிழைக் கேட்டிருக்க வேண்டும். கட்டிலில் கிடந்த செல்வமணியைக் காட்டி, "இவன் எப்ப கடிச்சான்? இவனுக்கு முன்னாடி இப்படி வந்தானா? இவனுக்கு புள்ளை இருக்கானா?" என்று கேட்டார். குளவியும் அவன், செல்வமணியும் அவன். கேட்டுக்கொண்டே இரண்டு கையாலும் வேலை நடந்தது. கங்காணி ஒவ்வொரு கேள்விக்கும் கைகட்டி நின்று, "ஆமாங்கம்மா, ஒரு பொம்பளப் புள்ள இருக்குங்க" என்று பதில் சொன்னார். அந்தத் தமிழில் பிழை எண்ணுவதற்கு அங்கே யாருக்கும் நேரமில்லை, மனமும் இல்லை.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு செல்வமணியின் மூச்சு சீரானது. 

நான் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க வேண்டிய துண்டுச்சீட்டு இன்னும் என் சட்டைப்பையில் இருந்தது. கொட்டிய நேரம் எழுதியாயிற்று. ஊசி போட்ட நேரத்துக்கு நேரே வெற்றிடம். ஒன்பது நாற்பத்தைந்து என்று எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள்? கடிகாரத்தைப் பார்த்தவன் நான் மட்டும். பேனையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். பிறகு பத்து ஐந்து என்று எழுதிக் கொடுத்தேன். உங்கள் வாழ்நாளில் இப்படி ஒரு வெற்றிடம் உங்களுக்கும் வரும். உள்ளதை எழுதுங்கள். ஒரு பிழையோடு ஒரு மாதிரி வாழ்ந்துவிடலாம், அதை மறைத்துவைத்துக்கொண்டு வாழ்வது கஷ்டம்.

டொக்டரம்மா துண்டைப் பார்த்தார். "ஏன் லேட்?" என்றார்.

சுற்றிவளைக்க எனக்குத் தெம்பில்லை. வகுப்பில் சிரித்தது, போனில் கேட்ட சிரிப்பு, கொஞ்சம் மயக்கம் என்று சொன்னது எல்லாவற்றையும் தமிழிலேயே சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"வெக்கம் உனக்கு. சாவு அவனுக்கு" என்றார்.

அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் கேட்ட எத்தனையோ பிரசங்கங்களில் எதுவும் இந்த நாலு சொல்லுக்கு ஈடாகாது. பிறகு துண்டின் பின்பக்கத்தில் அந்தச் சொல்லை எழுதி, ஐந்து இடமாகப் பிரித்துக் கோடு போட்டார்.

"எனக்கும் முதல்ல இது வரல்ல. முன்னாலேருந்து போனா விழுவே. பின்னாலேருந்து வா. சொல்லு, டிக்."

"டிக்."

"லாக்டிக்."

"லாக்டிக்."

"ஃபிலாக்டிக். பாரம் லாக் மேல மட்டும். மத்தது எல்லாம் லேசு."

கடைசியில் முன்னால் இரண்டு சின்ன அசையைச் சேர்த்தோம். அ, ன. அனஃபிலாக்டிக். நரைத்த தலையோடு அவசரப் பிரிவின் நடுவில் நின்று நான் பாலர் வகுப்புப் பிள்ளையாக ஓதினேன். தாதிமார் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் பரவாயில்லை என்ற நிலைக்கு நான் வந்திருந்தேன். இந்த உத்தியை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நீளமான சொல்லானாலும் வாலிலிருந்து பிடித்து ஒவ்வோர் அசையாக முன்னால் வந்தால் நாக்கு தடுமாறாது. முடியும் இடம் ஏற்கெனவே பழகியிருப்பதால், சொல்லச்சொல்ல எளிதாகிக்கொண்டே வரும். அப்படியும் வரவில்லையா? சொல்லை விடுங்கள். "தொண்டை அடைக்கிறது, ஆள் போய்விடும்" என்று எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் கத்துங்கள்.

இதோடு முடித்திருந்தால் இது எனக்கு வசதியான கதை. ஒரு பிழை, ஒரு பாடம், ஆளும் பிழைத்துக்கொண்டது என்று உங்களுக்குச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

மூன்றாம் நாள் செல்வமணியைப் பார்க்க வார்டுக்குப் போனேன். ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் தோடம்பழமும் வாங்கிக்கொண்டு போனேன். முகத்தில் வீக்கம் வற்றியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தாள். "ஐயா தெய்வம் மாதிரி வந்து காப்பாத்துனீங்க. கங்காணி சொன்னாரு" என்றாள்.

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. உண்மையைச் சொன்னேன். "நான் காப்பாத்தல்ல செல்வமணி. எனக்கு உடனேயே தெரியும். பேரைச் சொல்ல வெக்கப்பட்டு இருபத்தஞ்சு நிமிசம் சும்மா இருந்தேன். ஒன்னைச் சாகவிடப் பாத்தேன்" என்றேன்.

அவள் தோடம்பழத்தைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"நானும் சொல்லாமத்தானுங்க இருந்தேன்" என்றாள்.

"என்ன சொல்லாம இருந்த?"

"போன தையில ஒருக்கா குளவி கொட்டிச்சு. அப்பவும் தொண்டை அடைச்சு மூச்சு முட்டிச்சு. கொஞ்ச நேரத்துல விட்டிருச்சு. மறுநாளு ஒங்ககிட்ட வந்தேனுங்களே."

"வந்தியா?" எனக்கு நினைவே இல்லை.

"வந்தேன். 'ஐயா, எனக்கு குளவி கொட்டுனா அலச்சி வருது'ன்னேன். நீங்க 'அலச்சி இல்லம்மா, அலர்ஜி'ன்னு சிரிச்சீங்க. வரிசையில நின்னதுங்க எல்லாம் சிரிச்சிருச்சுங்க. அப்பறம் லயத்துல கொஞ்ச நாளு என்னைய 'அலச்சி'ன்னே கூப்பிட்டாளுக." அவளும் லேசாகச் சிரித்தாள். "கைக்குப் பூச மருந்து குடுத்தீங்க. வாங்கிட்டுப் போயிட்டேன். தொண்டையைச் சொல்லல்ல."

  என்னைப் பார்த்து ஒரு வகுப்பு சிரித்ததை நான் முப்பது வருடம் மறக்கவில்லை. நான் ஒருத்தியைப் பார்த்துச் சிரித்ததை ஆறு மாதத்தில் மறந்திருந்தேன். அன்று அவள் சொல்ல வந்ததை நான் முழுதாகக் கேட்டிருந்தால், அவளுடைய மருத்துவ அட்டையில் அந்த விஷயம் இருந்திருக்கும். குளவி கலைகிற மாதத்தில் அவளைச் சவுக்கு மரத்தடிக்கு அனுப்பாதீர்கள் என்று கங்காணியிடம் சொல்லியிருப்பேன். என் இருபத்தைந்து நிமிடம் அன்று காலை ஒன்பது நாற்பதுக்குத் தொடங்கவில்லை. போன தையிலேயே, டிஸ்பென்சரி வரிசையில், என் சிரிப்பில் தொடங்கிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. வார்டில் அத்தனை பேர் பார்க்க அழுதேன்.

"ஐயோ, ஐயா, நான் குத்தம் சொல்லலைங்க" என்று அவள் பதறினாள். அதுதான் இன்னும் தாங்கமுடியாமல் இருந்தது.

அந்த நேரத்தில் டொக்டரம்மா நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். செல்வமணியை வீட்டுக்கு அனுப்பலாம் என்றார். ஆனால் இனிமேல் எங்கே போனாலும், எந்த டொக்டரிடம் போனாலும், தனக்கு வந்தது இன்னது என்று அவள் வாயாலேயே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்றார். அவளுடைய அம்மா வீடு லுணுகலையில். அங்கே போயிருக்கும்போது கொட்டினால் யார் சொல்வது? டொக்டரம்மா அந்தப் பெயரைப் பின்னாலிருந்து ஒவ்வோர் அசையாகச் சொல்லிக்கொடுத்தார். செல்வமணி உதடு அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்ப நீ சொல்லு. ஒனக்கு என்ன வந்தான்?"

செல்வமணி ஒரு தடவை என்னைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரர்களையும் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, "அனப்பி லாட்டிக்கு" என்றாள். "கொட்டுனா எனக்கு அனப்பி லாட்டிக்கு வரும். தொண்டை அடைக்கும். ஒடனே ஊசி போடணும்."

மூன்றாம் கட்டிலில் யாரோ களுக்கென்றார்கள். டொக்டரம்மா "சரி" என்று மட்டும் சொல்லி, அட்டையில் சிவப்பு மையால் எழுதி, அவள் கையில் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"சரியா சொன்னேனுங்களா ஐயா?" என்று செல்வமணி கேட்டாள்.

சரியான உச்சரிப்பு என் நாக்கு நுனியில் இருந்தது. மூன்று நாளாகப் பாடமாக்கியது, வாலிலிருந்து தலைவரை, பாரம் லாக்கில் மட்டும். அதை அப்படியே விழுங்கினேன்.

"டொக்டருக்கு வெளங்கிருச்சே. சரியாத்தான் சொன்ன" என்றேன். பிறகு அவள் கட்டிலோரம் கிடந்த கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். "போன தையில தொண்டையில என்ன செஞ்சுச்சு? மொதல்ல இருந்து சொல்லு. நான் கேக்குறேன்."

அவள் சொல்லத் தொடங்கினாள். நான் குறுக்கே பேசவில்லை.